காற்றுக்கு எடை போடும் சூரிய கிரணம்

காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சூரியனைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும். காற்று நம்மைச் சுற்றி இருக்கிறது. சூரியனோ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற பேச்சு அல்லவா இது?

ஆனால் அந்த முடிச்சைத்தான் விஞ்ஞானிகள் போட்டிருக்கிறார்கள்! உலகில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் சூரிய கிரணத்தையே தராசாக வைத்துக்கொண்டு காற்றை எடை போடுகிறார்கள். தரையிலிருந்து ஆகாயத்தின் உச்சி வரையில் உள்ள காற்று முழுவதிலும், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு கரியமில வாயு என்று கணக்குச் சொல்கிறார்கள். நானூறு பங்குக்கு மேல் இருக்கும் அந்த வாயுவில் ஒரே ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அந்தத் தராசு காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அந்த ஒரு பங்கில் என்ன இருக்கிறது? உலகம் தன் எதிர்காலத்தைப் பற்றிப் போடுகிற கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது.

காட்டுக்குள் ஓர் இரும்புப் பெட்டி

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் ராஜ்யத்தின் வட பகுதியில் பார்க் ஃபால்ஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே, காட்டின் நடுவில், 447 மீட்டர் உயரமுள்ள ஒரு டெலிவிஷன் கோபுரம் நிற்கிறது. 2004-ம் ஆண்டு மே மாதத்தில் இந்தக் கோபுரத்தின் அடியில் ஒரு புதிய ஆராய்ச்சி நிலையம் வேலையைத் தொடங்கியது.

நிலையம் என்றதும் பெரிய கட்டடம் என்று எண்ணிவிட வேண்டாம். கப்பல்களில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி ஒன்றுதான் அது. அதன் கூரையில் திறந்து மூடும் ஒரு மூடி. உள்ளே ஒரு யந்திரம். அவ்வளவுதான்.

வானம் தெளிவாக இருந்தால் மூடி தானாகவே திறந்துகொள்ளும். இரண்டு கண்ணாடிகள் சூரியனைத் தேடிப் பிடித்து, அதன் ஒளியைப் பெட்டிக்குள் திருப்பிவிடும். சூரியன் நகர நகரக் கண்ணாடிகளும் திரும்பிக்கொண்டே இருக்கும். மழை வந்தால் மூடி மூடிக்கொள்ளும். இதற்கெல்லாம் அங்கே ஆள் யாரும் நிற்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் உள்ள கால்டெக் என்ற விஞ்ஞான ஸ்தாபனத்தில் உட்கார்ந்தபடியே நிபுணர்கள் அதைக் கவனித்துக்கொள்ளலாம். பால் வென்பெர்க் என்ற பேராசிரியரின் தலைமையில் இருந்த குழு அமைத்த நிலையம் இது.

இவ்விதமான நிலையங்களின் வரிசையில் இதுதான் முதலாவது. அதே ஆண்டில் நியூஸிலாந்தில் லாடர் என்ற இடத்திலும், மறு ஆண்டில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலும் இத்தகைய யந்திரங்கள் வேலையைத் தொடங்கின. பிறகு வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு, ஜெர்மனியில் பிரேமென், இந்து மகாசமுத்திரத்தில் ரீயூனியன் தீவு, பிலிப்பைன்ஸில் புர்கோஸ் என்று வரிசை நீண்டது.

வாயுவின் கைரேகை

அந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

சூரிய ஒளியைப் பட்டைக் கண்ணாடி வழியாகச் செலுத்தினால் வானவில்லைப் போல ஏழு நிறங்களாகப் பிரிகிறது. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1800-ம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வான சாஸ்திரி இந்த நிறங்களின் மீது உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு வெளியே, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்திலும் உஷ்ணமானி ஏறியது! கண்ணுக்குத் தெரியாத ஒளி அங்கே இருக்கிறது என்பது அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதையே இன்று அகச்சிவப்புக் கிரணம் என்கிறோம்.

1814-ம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரான்ஹோஃபர் சூரியனின் நிறமாலையைக் கூர்ந்து நோக்கினார். நிறங்களுக்கு நடுவே ஐந்நூறுக்கும் மேற்பட்ட கறுப்புக் கோடுகள் தெரிந்தன. நெய்த துணியில் இடையிடையே இழை உருவியதைப் போல, அந்த இடங்களில் மட்டும் ஒளி இல்லை. அந்த ஒளியை எடுத்துக்கொண்டது யார்?

வழியில் உள்ள வாயுக்கள்தான். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு ருசி உண்டு. தனக்குப் பிடித்த அலை நீளமுள்ள ஒளியை மட்டும் அது விழுங்கும், மற்றவற்றை விட்டுவிடும். சூரியனைச் சுற்றியுள்ள வாயுக்கள் சில கோடுகளைப் போடுகின்றன. பூமியின் காற்று மண்டலம் வேறு சில கோடுகளைப் போடுகிறது. எது எவருடையது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. மாலையில் சூரியன் சாய்ந்து, ஒளி அதிகக் காற்றைக் கடந்து வரும்போது, பூமிக் காற்றின் கோடுகள் மட்டும் மேலும் கறுத்துவிடும்.

கைரேகையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதைப் போல, இந்தக் கோடுகளைப் பார்த்து வாயுவைக் கண்டுபிடித்துவிடலாம். கோடு எவ்வளவு ஆழமாகக் கறுத்திருக்கிறது என்று அளந்தால், அந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம்.

கரியமில வாயுவுக்கும் உஷ்ணத்துக்கும் உள்ள உறவை நிரூபித்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்கள். 1856-ம் ஆண்டில் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாயில் கரியமில வாயுவை அடைத்து வெயிலில் வைத்தார். சாதாரணக் காற்றைவிட அது அதிகமாகச் சூடேறுவதைக் கண்டார். 1859-ம் ஆண்டில் லண்டனில் ஜான் டிண்டால், இந்த வாயு அகச்சிவப்புக் கிரணத்தை விழுங்குவதைக் கருவி வைத்தே அளந்து காட்டினார். 1896-ம் ஆண்டில் ஸ்வீடனைச் சேர்ந்த அர்ரேனியஸ், கரியமில வாயு பெருகினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்குக்கு அவர் எடுத்துக்கொண்டது எதைத் தெரியுமா? லாங்லி என்ற அமெரிக்கர் சந்திரனிலிருந்து வரும் அகச்சிவப்புக் கிரணங்களைத் தரையிலிருந்து அளந்து வைத்திருந்த குறிப்புகளை! ஆகாயத்து ஒளியைக் கொண்டு பூமியின் காற்றை ஆராயும் வேலை அன்றே ஆரம்பமாகிவிட்டது.

கண்ணாடி நகர்கிறது, கணக்கு பிரிக்கிறது

பார்க் ஃபால்ஸ் யந்திரத்தில் பட்டைக் கண்ணாடி இல்லை. அதைவிட நுட்பமான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி மைக்கல்ஸன் 1881-ம் ஆண்டில் அமைத்த கருவியின் வழி வந்தது அது.

உள்ளே வரும் ஒளியைப் பாதி ஊடுருவும் ஒரு கண்ணாடி இரண்டாகப் பிரிக்கும். ஒரு பாதி அசையாத கண்ணாடியில் பட்டுத் திரும்பும். மறு பாதி நகர்ந்துகொண்டிருக்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். இரண்டும் மறுபடி ஒன்று சேரும்போது, அலையும் அலையும் கூடினால் ஒளி ஓங்கும். அலையும் பள்ளமும் சேர்ந்தால் ஒளி மங்கும். இரண்டு பாதைகளுக்கும் இடையே 45 சென்டிமீட்டர் வித்தியாசம் ஏற்படும் வரையில் கண்ணாடி நகர்கிறது. ஒரு தடவை நகர்ந்து முடிய இரண்டு நிமிஷம்கூட ஆவதில்லை.

இதில் கிடைப்பது நிறமாலை அல்ல. எல்லா நிறங்களும் சேர்ந்து ஏறி இறங்கும் ஒரே ஒரு வளைகோடு. கல்யாண வீட்டில் நாகஸ்வரம், ஒத்து, தவில், தாளம் எல்லாம் சேர்ந்து ஒலிக்கின்றன. தேர்ந்த காதுள்ளவர் எது எந்த வாத்தியம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறார். அதுபோல, இந்தக் கலவையைப் பிரித்து ஒவ்வொரு அலையையும் தனித்தனியாக எடுத்துத் தரும் கணித முறை ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்தவர் பிரான்ஸ் தேசத்துக் கணித மேதை ஜோசப் ஃபூரியே. உஷ்ணத்தைப் பற்றி 1822-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட புத்தகத்தில் அதை விளக்கினார்.

இங்கே ஓர் அதிசயமான பொருத்தம் இருக்கிறது. பூமியைச் சுற்றியுள்ள காற்று மண்டலம் உஷ்ணத்தைத் தக்க வைத்துக்கொள்கிறது என்ற எண்ணத்தை 1824-ம் ஆண்டில் எழுதி வைத்தவரும் அதே ஃபூரியேதான்! அவர் எழுப்பிய கேள்விக்கு, அவருடைய கணிதத்தைக் கொண்டே விடை தேடும் யந்திரம் அவர் காலமாகி நூற்றெழுபது வருஷங்களுக்குப் பிறகு அந்தக் காட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

பிராண வாயு என்ற எடைக்கல்

தராசு இருந்தால் போதாது, எடைக்கல் வேண்டும்.

சூரியன் உச்சியில் இருக்கும்போது கிரணம் கடக்கும் காற்று குறைவு, சாய்ந்திருக்கும்போது அதிகம். காற்றின் அழுத்தமும் நாளுக்கு நாள் மாறுகிறது. நீராவி கூடுகிறது, குறைகிறது. கண்ணாடி சூரியனின் நடுவிலிருந்து மயிரிழை விலகினாலும் கணக்கில் பிசகு வரும். இவ்வளவையும் மீறி நானூறில் ஒரு பங்கை எப்படிப் பிடிப்பது?

இதற்கு விஞ்ஞானிகள் ஒரு நல்ல யுக்தி செய்திருக்கிறார்கள். ஈரம் நீங்கிய காற்றில் நூற்றுக்கு 20.95 பங்கு பிராண வாயு. ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் இது ஏறக்குறைய மாறுவதே இல்லை. பிராண வாயுவும் அகச்சிவப்பில் தன் கைரேகையைப் பதிக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். பிராண வாயுவின் கோடுகள் 1.27 மைக்ரான் அலை நீளத்தில் இருக்கின்றன. கரியமில வாயுவின் கோடுகள் 1.6 மைக்ரானுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே யந்திரம், ஒரே கிரணம், ஒரே நிமிஷம்; இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடலாம்.

பிறகு ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் போதும். கிரணம் கடந்து வந்த தூரம் அதிகமானால் இரண்டு எண்ணிக்கையும் சேர்ந்தே கூடும். வகுக்கும்போது அந்தப் பிசகு கழன்றுவிடும். பிராண வாயு எவ்வளவு என்பது முன்னமே தெரிந்த சங்கதி ஆகையால், கரியமில வாயு எவ்வளவு என்பது தானாகவே வந்துவிடுகிறது. இயற்கையே காற்றுக்குள் போட்டு வைத்திருக்கும் எடைக்கல் பிராண வாயு!

யந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் ஏற்பாடு உண்டு. ஹைட்ரஜன் குளோரைடு வாயு அடைத்த ஒரு சிறு கண்ணாடிக் குழாயை ஒளியின் பாதையிலேயே வைத்திருக்கிறார்கள். அந்த வாயுவின் கோடு எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியும். கோணல் தெரிந்தால் கண்ணாடிகள் இடம் பிசகிவிட்டன என்று அர்த்தம்.

தரைக் காற்று போதாதா?

"ஒரு குப்பியில் காற்றைப் பிடித்து அளந்தால் ஆகாதா? இத்தனை பிரயாசை எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்படியும் அளக்கிறார்கள்.

ஹவாய்த் தீவில், 3,400 மீட்டர் உயரத்தில், மவுன லோவா எரிமலையின் சரிவில் சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1958-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்த வேலையைத் தொடங்கி வைத்தார். காற்றை ஒரு குழாய்க்குள் இழுத்து, அகச்சிவப்புக் கிரணத்தை அதனூடே செலுத்தி அளந்தார். அன்று கிடைத்த எண் 313. யந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன்னால் அது சுமார் 280 ஆக இருந்தது. 2024-ம் ஆண்டில் மவுன லோவாவின் சராசரி சுமார் 424.6! உலகத்தின் காற்று எப்படி மாறி வருகிறது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது கீலிங்கின் வேலைதான்.

ஆனால் நடுக்கடல் மலைக்கு ஏற்றது எல்லா இடத்துக்கும் ஏற்காது. பார்க் ஃபால்ஸ் காட்டையே பாருங்கள். கோடைக் காலத்து இரவில் மரங்களும் மண்ணும் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. இரவுக் காற்று தரையோடு படிந்து கிடப்பதால் அந்த வாயு மேலே போக வழியில்லை, கீழேயே தேங்குகிறது. விடிந்ததும் வெயிலில் காற்று மேலெழுந்து கலக்கிறது. இலைகளும் வாயுவை உண்ணத் தொடங்குகின்றன. தரையில் எண் மளமளவென்று இறங்குகிறது. இதில் மரம் உண்டது எவ்வளவு, மேலே போய்க் கலந்தது எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. அதே டெலிவிஷன் கோபுரத்தில் 1994-ம் ஆண்டு முதல் 396 மீட்டர் உயரம் வரை பல மட்டங்களில் அளந்து வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும்.

சூரிய கிரணம் அளப்பதோ தரையிலிருந்து உச்சி வரை உள்ள மொத்தக் காற்று. வாயு மேலே போனாலும் கீழே வந்தாலும் மொத்தம் மாறாது. குதிரில் உள்ள நெல்லைக் கிளறிவிடுவதால் நெல் கூடிவிடுமா, குறைந்துவிடுமா? வெளியிலிருந்து வந்து சேர்ந்தால்தான் கூடும். வெளியே போனால்தான் குறையும். வரவு செலவு தெரிய வேண்டியவர்களுக்கு இந்த மொத்தக் கணக்குதான் வேண்டும்.

அந்த வரவு செலவு சாமானியமானது அல்ல. உலகத்துக் காற்று முழுவதிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால், அது சுமார் 780 கோடி டன் கரியமில வாயு! நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதனால் மனிதன் 2024-ம் ஆண்டில் வெளியிட்டது சுமார் 3,700 கோடி டன். மனிதன் வெளியிடுவதில் ஏறக்குறையப் பாதி காற்றில் தங்குகிறது. மீதியைக் கடலும் காடும் வாங்கிக்கொள்கின்றன. எந்தக் காடு, எந்த மண், எவ்வளவு வாங்குகிறது? இன்னும் எவ்வளவு காலம் வாங்கிக்கொண்டே இருக்கும்? இந்தக் கேள்விகளுக்கு விடை, இடத்துக்கு இடம் தெரிகிற ஒன்றிரண்டு பங்கு வித்தியாசத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

பழைய பதிவில் புதிய சேதி

இப்படி அளக்க முடியும் என்ற நம்பிக்கை எப்படி வந்தது? அது ஒரு சுவையான கதை.

அரிஸோனா ராஜ்யத்தில் கிட் பீக் மலையில் சூரியனை ஆராய்வதற்கென்றே ஒரு பெரிய டெலஸ்கோப் இருந்தது. அங்கே சூரியனின் நிறமாலையைப் பல வருஷங்களாகப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். சூரியனை ஆராய்கிறவர்களுக்குப் பூமிக் காற்றின் கோடுகள் ஒரு தொல்லை. நெல்லுக்கு நடுவே பதரைப் போல அவற்றை ஒதுக்கித் தள்ளுவார்கள்.

அந்தப் பதரைத்தான் வேறு சிலர் தேடிப் போனார்கள்! கால்டெக்கையும் அதைச் சேர்ந்த ஜெட் உந்து ஆராய்ச்சிக் கூடத்தையும் சேர்ந்த விஞ்ஞானிகள், 1977 முதல் 1995 வரை எடுத்த பதிவுகளை மறுபடி எடுத்து, அவற்றிலிருந்த கரியமில வாயுவின் கோடுகளையும் பிராண வாயுவின் கோடுகளையும் அளந்தார்கள். ஜெஃப்ரி டூன், வென்பெர்க் முதலியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். வருஷத்துக்கு வருஷம் வாயு ஏறி வந்ததும், வசந்தத்தில் கூடிக் கோடையில் குறைவதும் அவற்றில் தெளிவாகத் தெரிந்தன. பிசகு நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவு. 2002-ம் ஆண்டில் இந்த முடிவு வெளியாயிற்று. வேறு எதற்காகவோ எடுத்த பதிவிலேயே இவ்வளவு கிடைக்குமானால், இதற்கென்றே ஒரு யந்திரம் அமைத்தால் என்ன? இரண்டு வருஷங்களில் பார்க் ஃபால்ஸ் பெட்டி வந்து சேர்ந்தது.

எடைக்கல்லுக்கு முத்திரை

கடைத் தெருவில் எடைக்கல்லுக்கு முத்திரை உண்டு. முத்திரை இல்லாத கல்லை வைத்து வியாபாரம் செய்தால் குற்றம். சூரிய கிரணத் தராசுக்கு முத்திரை குத்துவது யார்?

இங்கேதான் விஞ்ஞானிகளின் நேர்மையைப் பார்க்க வேண்டும். கோட்டின் ஆழத்தை வாயுவின் அளவாக மாற்றுவதற்கு, ஆராய்ச்சிக் கூடங்களில் அளந்து வைத்த எண்கள் வேண்டும். அந்த எண்களிலேயே சிறு பிசகு இருந்தால் விடை முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும். ஆகையால் தாங்கள் கண்ட விடையைத் தாங்களே நம்பிவிடாமல், அதை வேறொரு வழியில் சோதித்தார்கள்.

வழி இதுதான். உலக வானிலை ஸ்தாபனத்தின் அளவுகோலின்படி, இத்தனை பங்கு கரியமில வாயு என்று துல்லியமாக நிர்ணயித்த காற்றைச் சிலிண்டர்களில் அடைத்து வைத்திருக்கிறார்கள். விமானத்தில் உள்ள கருவியை முதலில் அந்தச் சிலிண்டரோடு ஒப்பிட்டுச் சரி செய்வார்கள். பிறகு அந்த விமானம் நிலையத்துக்கு மேலே சுழன்று சுழன்று ஏறி இறங்கி, மட்டத்துக்கு மட்டம் காற்றை அளக்கும். அதே வேளையில் கீழே யந்திரம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும். 2004-ம் ஆண்டுக் கோடையில் பார்க் ஃபால்ஸுக்கு மேல் இந்தச் சோதனை நடந்தது. 2009 முதல் 2011 வரை ஒரு விமானம் பசிபிக் சமுத்திரத்தின் மேல் வட திசையின் கோடியிலிருந்து தென் திசையின் கோடி வரையில் ஐந்து தடவை அளந்து திரிந்தது. அந்தப் பயணங்களில் கிடைத்த அளவுகளும் இந்தச் சோதனைக்கு உதவின.

முடிவு? சூரிய கிரணத் தராசு சுமார் நூற்றுக்கு ஒரு பங்கு குறைவாகக் காட்டியது என்று 2010-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி சொன்னது. ஆனால் எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைவு! ஒரே அளவாகத் தவறும் தராசைத் திருத்துவது சுலபம். திருத்திய பிறகு பிசகு நூற்றுக்குக் கால் பங்குக்குள், அதாவது நானூறில் ஒன்றுக்குள் அடங்கிவிட்டது.

இன்னொரு சமயம், இரண்டு யந்திரங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது சிறு வித்தியாசம் தென்பட்டது. விடாமல் துருவினார்கள். கண்ணாடி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று எண்ணுவதற்கு உள்ளே ஒரு லேசர் ஒளி இருக்கிறது. அந்த எண்ணிக்கையில் மிக நுட்பமான ஒரு பிசகு இருந்தது தெரிய வந்தது. அதைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல் வெளிப்படையாக எழுதியும் வைத்தார்கள். யந்திரங்களைச் சரி செய்தார்கள்.

விண்ணில் இருக்கும் கண்

இவ்வளவு சிரமப்பட்டு முத்திரை குத்திய தராசு எதற்குப் பயன்படுகிறது? மற்றொரு தராசைச் சோதிப்பதற்கு!

பூமி முழுவதையும் அளக்க வேண்டுமானால் செயற்கைக் கோள்தான் வேண்டும். 2009-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி ஜப்பான் "இபுகி" என்ற செயற்கைக் கோளை ஏவியது. ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 24-ந் தேதி, அமெரிக்கா தன் கரிக் கோளை ஏவியது. பல வருஷ உழைப்பு அது. ராக்கெட்டின் மூக்கு மூடி கழன்று விழவில்லை. அந்தப் பாரத்தோடு கோள் தன் பாதைக்கு ஏற முடியாமல், தென் துருவத்துக்கு அருகே கடலில் விழுந்துவிட்டது. விஞ்ஞானிகள் மனம் தளரவில்லை. ஜப்பானியக் கோளின் அளவுகளை ஆராய்வதில் கைகொடுத்தார்கள். 2014-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி இரண்டாவது கோள் வெற்றிகரமாக விண்ணில் ஏறியது.

செயற்கைக் கோளும் இதே கைரேகையைத்தான் பார்க்கிறது. பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் அதைத் தேடுகிறது. ஆனால் அதற்குத் தொல்லைகள் அதிகம். தரை ஓரிடத்தில் மணல், ஓரிடத்தில் காடு, ஓரிடத்தில் பனி. நடுவே மெல்லிய மேகம், தூசி, புகை. எது வாயுவின் வேலை, எது தூசியின் வேலை என்று குழப்பம் வரும். நேராகச் சூரியனையே பார்க்கும் தரை யந்திரத்துக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஆகவே அமெரிக்கக் கோள் இந்த நிலையங்களுக்கு மேலே வரும்போது, சில வேளைகளில் தன் பார்வையை வேண்டுமென்றே அந்த ஓர் இடத்தின் மீது நிறுத்துகிறது. மேலேயிருந்து ஒரு கணக்கு, கீழேயிருந்து ஒரு கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டுக் கோளின் கணக்கைத் திருத்துகிறார்கள். திருத்திய பிறகு இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம், பொதுவாகப் பத்து லட்சத்தில் அரைப் பங்குக்கும் குறைவு என்று 2017-ம் ஆண்டில் கண்டார்கள்.

சிலிண்டரிலிருந்து விமானத்துக்கு, விமானத்திலிருந்து தரை யந்திரத்துக்கு, தரை யந்திரத்திலிருந்து செயற்கைக் கோளுக்கு! முத்திரை இப்படிக் கை மாறிக் கை மாறி வானத்துக்கு ஏறுகிறது. நடுவில் உள்ள தரை யந்திரம் இல்லாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும்.

ஏடு சொன்னதும் தராசு சொன்னதும்

கணக்கு ஏட்டுக்கும் தராசுக்கும் வித்தியாசம் வருவது உண்டா? உண்டு.

அமெரிக்காவில் நான்கு ராஜ்யங்களின் எல்லைகள் ஒரே புள்ளியில் கூடும் இடத்துக்கு "நான்கு மூலை" என்று பெயர். நிலக்கரியும் எரிவாயுவும் எடுக்கும் பிரதேசம் அது. 2003 முதல் 2009 வரை ஒரு செயற்கைக் கோள் எடுத்த அளவுகளில், அங்கே மீத்தேன் வாயு வழக்கத்துக்கு மாறாக அதிகமாகத் தெரிந்தது. இதுவும் பூமியைச் சூடேற்றும் வாயுதான். கோளின் பேச்சை எப்படி நம்புவது? அங்கே தரையில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த யந்திரம் ஒன்று சாட்சி சொன்னது. 2012-ம் ஆண்டில் அது எடுத்த அளவுகளும் அதையே உறுதிப்படுத்தின. வருஷத்துக்குச் சுமார் 5 லட்சத்து 90 ஆயிரம் டன் மீத்தேன் என்று 2014-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். உலகெங்கும் பயன்படும் ஒரு கணக்கேடு அந்த இடத்துக்குக் காட்டியிருந்ததைப் போல அது மூன்றரை மடங்கு!

இதில் யாரும் பொய் சொன்னார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. இத்தனை கிணறு, இத்தனை குழாய், ஒன்றுக்கு இவ்வளவு கசிவு என்று பெருக்கிப் போடுவதுதான் ஏட்டுக் கணக்கு. கசிவு எங்கே, எவ்வளவு என்று ஏட்டுக்குத் தெரியாது. காற்றுக்குத் தெரியும்.

தராசுக்கும் குறை உண்டு

இந்தத் தராசு எல்லாம் வல்லது அல்ல. இரவில் வேலை செய்யாது. மேகம் மறைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். துருவத்துக்கு அருகே உள்ள நிலையங்கள் சூரியனே உதிக்காத மாதங்களில் சும்மா இருக்க வேண்டியதுதான். யந்திரம் பெரியது, விலையும் அதிகம். பராமரிக்க நிபுணர்கள் வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, அது இல்லாத இடங்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நிலையங்கள் நெருங்கி இருக்கின்றன. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, தெற்கு ஆசியா ஆகிய பகுதிகளில் அவற்றைக் காண்பது அரிது. பெருங்காடுகளும் கோடிக்கணக்கான ஜனங்களும் இருக்கும் இந்தப் பிரதேசங்களில்தான் கரியமில வாயுவின் வரவு செலவு மிகவும் தெரிய வேண்டியிருக்கிறது!

இதற்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்து விஞ்ஞானிகள், எடுத்துச் செல்லக்கூடிய சிறிய யந்திரம் ஒன்றை உருவாக்க உதவினார்கள். பெரிய யந்திரத்தின் நுட்பம் அதற்கு இல்லை. ஆனால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். மூனிக் நகரில் இத்தகைய யந்திரங்களை நகரத்துக்கு வெளியே நாலா திசையிலும், நடுவில் ஒன்றுமாக நிறுத்தியிருக்கிறார்கள். காற்று நகருக்குள் நுழையும் முன் எவ்வளவு, வெளியேறும்போது எவ்வளவு என்று பார்த்தால், நகரம் சேர்த்தது எவ்வளவு என்பது வெளிப்பட்டுவிடும்.

2015-ம் ஆண்டில் பாரிஸில் கூடிய உலக நாடுகள், பூமி சூடேறுவதைக் கட்டுப்படுத்துவதாக ஒப்பந்தம் செய்துகொண்டன. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரும் கூடி, எவ்வளவு செய்தோம் என்று கணக்குப் பார்ப்பது என்றும் முடிவு செய்தன. முதல் கணக்கு 2023-ம் ஆண்டில் துபாயில் முடிந்தது. ஒவ்வொரு நாடும் தன் கணக்கைத் தானே எழுதிக் கொண்டுவருகிறது. இந்த நாட்டின் கணக்கை அந்த நாடு நம்ப வேண்டும். அந்த நாட்டின் கணக்கை இந்த நாடு நம்ப வேண்டும். ஏழை நாடு "நீ எரித்தது எவ்வளவு?" என்று பணக்கார நாட்டைக் கேட்கவும், பணக்கார நாடு "நீ குறைத்தது எவ்வளவு?" என்று ஏழை நாட்டைக் கேட்கவும் ஒரு பொதுத் தராசு வேண்டும்.

எந்தச் சர்க்காருக்கும் சொந்தமில்லாத எடைக்கல் காற்றிலேயே இருக்கிறது. அதைக் காட்டும் ஒளி தினந்தோறும் எல்லா நாட்டின் மீதும் விழுகிறது. அதைப் பிடித்து, பொறுமையோடு எண்ணி, பிசகைத் தாமே தேடித் திருத்தி எழுதுகிற மனிதர்கள் இருக்கும் வரையில், காற்றின் கணக்கை யாராலும் மறைக்க முடியாது.